பசையைத் தின்னும் புழுதி

கோவில்பட்டியில் உரக்கடை வைத்திருப்பவன் விளக்கெண்ணெயும் விற்கிறான் என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். என் கடையில் பூச்சிமருந்து அலமாரிக்கு எதிர்ப்பக்கம், உளுந்து விதை மூட்டைகளை ஒட்டி ஒரு டின் விளக்கெண்ணெய் எப்போதும் இருக்கும். பிள்ளைக்கு வயிறு சரியில்லை என்று கேட்டு வந்தால் கொடுக்கமாட்டேன், மளிகைக் கடைக்குப் போகச் சொல்லிவிடுவேன். இது பூசுகிற எண்ணெய். பருத்திக்காட்டில் கம்பு நட்டு, அதில் மஞ்சள் டின்னைக் கவிழ்த்து, டின்னின் மேல் பூசுவதற்கு.

நான் அப்பாவோடு கடையில் உட்காரத் தொடங்கியது 1980-களில். எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர், நாகலாபுரம், இந்தப் பக்கம் கழுகுமலை, கயத்தாறு என்று எங்கு திரும்பினாலும் பருத்தியும் சோளமும் கம்பும் உளுந்தும்தான். கருங்கண்ணி என்ற நாட்டுப் பருத்தி குறைந்து எல்ஆர்ஏ 5166 என்ற புது ரகம் ஏறிக்கொண்டிருந்த நேரம். 1901-லிருந்து நடக்கிற எங்கள் ஊர் ஆராய்ச்சிப் பண்ணையிலிருந்து ‘கே’ என்ற எழுத்தோடு வந்த கருங்கண்ணி ரகங்களை விதைத்த சம்சாரிகள் மருந்துக் கடைப் பக்கம் அதிகம் வந்ததில்லை. நாட்டுப் பருத்தியைச் சாறு உறிஞ்சுகிற பூச்சி அவ்வளவு சுலபமாக அசைக்காது. புது ரகத்துக்குப் பஞ்சு நீளம், விலை அதிகம். மருந்துச் செலவும் அதிகம். எங்கள் கடை வளர்ந்தது அந்தச் செலவில்தான். இதை மறைத்துப் பேச எனக்கு ஒன்றும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் சைப்பர்மெத்ரின், ஃபென்வெலரேட் என்று செயற்கை பைரித்ராய்டு மருந்துகள் வந்து இறங்கின. காலையில் அடித்தால் சாயங்காலம் காய்ப்புழு சுருண்டு கிடக்கும். அதைக் கண்ணால் பார்த்த சம்சாரி அடுத்த வாரமும் கேட்டு வருவார், அதற்கடுத்த வாரமும் வருவார். காய்ப்புழுவைக் கொன்ற அதே மருந்து, வெள்ளை ஈயைத் தின்று வாழ்ந்த சின்னக் குளவிகளையும் பொறிவண்டுகளையும் சேர்த்துக் கொன்றது. 1980-களின் நடுவில் ஆந்திராவில் குண்டூர்ப் பக்கம் வெள்ளை ஈ பெருகிப் பருத்தி அழிந்த செய்தி வந்தது. பிறகு எங்கள் பக்கமும் செடியைத் தட்டினால் மாவு சலித்த மாதிரி எழும்பிப் பறந்தது. வெள்ளை ஈ சாற்றை உறிஞ்சுவதோடு நிற்பதில்லை. இனிப்பான கழிவை இலையிலும் வெடித்த பஞ்சிலும் விடும், அதன் மேல் கரும்பூசணம் படரும். அப்படிப்பட்ட பஞ்சு மில் எந்திரத்தில் உருளையைப் பிடித்துக்கொள்ளும். ஒட்டுப்பஞ்சு என்று வியாபாரி விலையை அடித்தால் கேட்பதற்கு ஆள் கிடையாது.

மஞ்சள் டின் அப்போதுதான் பேச்சுக்கு வந்தது. வெள்ளை ஈக்கு மஞ்சள் நிறம் என்றால் இளந்தளிர் என்று நினைப்பு. காலிப் பாமாயில் டின்னுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்து, வெளிப்புறம் கிரீஸோ வாசலினோ விளக்கெண்ணெயோ பூசி, ஹெக்டேருக்கு 12, அதாவது ஏக்கருக்கு 5 வைக்க வேண்டும் என்பது சிபாரிசு. விவசாய ஆபீஸ் ஆட்கள் கூட்டத்தில் சொன்னார்கள். சம்சாரிகள் கேட்டுவிட்டு நேரே லாரி பட்டறைக்குப் போய்ப் பழைய கிரீஸ் வாங்கிக்கொண்டார்கள். சும்மா கிடைக்கிற பொருள், போதாததற்கு நன்றாக ஒட்டும்.

ஒட்டியது. ஆனால் முதலில் ஒட்டியது ஈ இல்லை.

மானாவாரிப் பருத்தி புரட்டாசியில் விதைத்து மழையோடு வளர்வது. மாசிப்பட்டத்தில் போடுகிற கிணற்றுப் பருத்தியின் கதை வேறு, அது ஆனி ஆடிக் காற்றில் மாட்டும். செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்றைத்தான் இப்போது கயத்தாற்றில் காற்றாலைகள் பிடித்து மின்சாரம் ஆக்குகின்றன. அன்று அந்தக் காற்று கரிசல் புழுதியை வாரிக்கொண்டு வந்து டின்னில் அடிக்கும். கழுகுமலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் நான் பார்த்த டின் இன்னும் கண்ணில் இருக்கிறது. வைத்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. மேற்குப் பக்கம் மஞ்சளே தெரியவில்லை, ஆட்டுத்தோல் மாதிரி ஒரு கருப்புப் படலம். சாவியால் கீறிப் பார்த்தேன். மேலே காய்ந்த புழுதி, அதற்குக் கீழே கிரீஸில் ஊறிய புழுதி, அடியில் கொஞ்சம் கிரீஸ், அதற்கும் அடியில் பெயிண்ட். ஒரு வெள்ளை ஈ வந்து அந்தப் படலத்தின் மேல் சாவகாசமாக உட்கார்ந்துவிட்டுப் பறந்து போனது. கிழக்குப் பக்கம் மட்டும் கொஞ்சம் மஞ்சள் மிச்சம் இருந்தது, அங்கே ஈக்கள் நெருக்கமாக ஒட்டியிருந்தன.

இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டதில் பாதி அந்த ஒரு டின்னில் இருந்தது. காகிதத்தில் எழுதிய சிபாரிசு திறந்த காட்டில் அப்படியே செல்லாது. இங்கே பசைக்கும் ஈக்கும் நடுவில் புழுதி நிற்கிறது. எவ்வளவு கெட்டியான பசையோ அவ்வளவு உறுதியாகப் புழுதியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். துடைத்தாலும் போகாது, மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்க்க வேண்டும். தேய்த்தால் பெயிண்டும் கூடவே வந்துவிடும். வெயிலில் கிரீஸ் இளகி வடிவது இன்னொரு தொல்லை. சித்திரை வெயிலில் டின்னின் மேல் பாதி வெறுமையாகி, கீழ் விளிம்பில் கட்டிகட்டியாகத் தொங்கும்.

விளக்கெண்ணெய் அந்த இடத்தில்தான் ஜெயித்தது. நல்லெண்ணெய், கடலை எண்ணெயைவிடப் பல மடங்கு கெட்டி என்பதால் பூசினால் நிற்கும், ஈயின் சிறகைப் பிடிக்கும். ஆளி எண்ணெய் மாதிரி காற்றுப்பட்டு உலர்ந்து தோலாகவும் ஆகாது. எல்லாவற்றுக்கும் மேல், புழுதி படிந்தால் பழைய துணியால் ஒரே இழுப்பில் துடைத்துவிட்டு மறுபடி பூசலாம். பசை பலவீனமாக இருப்பதே இங்கே வசதி. காற்றுக் காலத்தில் மூன்று நாளுக்கு ஒருமுறை, மழை விழுந்து மண் அடங்கிய பிறகு வாரத்துக்கு ஒருமுறை போதும். வரப்பில் ஆமணக்கு போட்டிருந்த சில பெரியவர்கள் வீட்டிலேயே எண்ணெய் காய்ச்சிக்கொண்டார்கள். அந்த எண்ணெய் கடை எண்ணெயைவிடக் கெட்டி, நன்றாகவே நின்றது.

நடுவில் நானும் பசை காய்ச்சிப் பார்த்தேன். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஈ பிடிக்கிற காகிதம் செய்து விற்ற டேங்கிள்ஃபுட் கம்பெனியின் பசையில் விளக்கெண்ணெயும் ரோசினும்தான் முக்கியம் என்று படித்திருந்தேன். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் பற்றவைக்க வைத்திருக்கும் தேன்நிறக் கட்டிதான் ரோசின். அதை உடைத்து விளக்கெண்ணெயில் போட்டு இளஞ்சூட்டில் கரைத்தேன். ஆறியதும் விரலில் தொட்டு இழுத்தால் நூல் நூலாக வந்தது. கடைக்கு வந்த ஒரு பெரியவர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, இது நாங்க சின்னப் பிள்ளையில குருவி பிடிக்கக் காய்ச்சுன ஆலம்பால் பசைல்லா!” என்றார். ஆலம்பாலை எண்ணெய் விட்டுக் காய்ச்சிக் குச்சியில் தடவிக் கிளையில் வைப்பார்களாம். என் பசை அந்தக் காரியத்துக்கும் உதவும் என்பது காட்டில் வைத்த பிறகு தெரிந்தது. ஓணான் ஒட்டியது, தட்டான் ஒட்டியது, ஒரு டின்னில் தையல்சிட்டு ஒன்று சிறகை விரித்தபடி ஒட்டிக் கிடந்தது. அதை எண்ணெய் தடவி விடுவிக்க நான் பட்ட பாடு பெரிய பாடு. அத்தோடு ரோசினை விட்டேன். விளக்கெண்ணெயில் குருவி ஒட்டாது.

எங்கே வைப்பது, எப்படித் திருப்புவது என்பதெல்லாம் சம்சாரிகளும் நானுமாகச் சேர்ந்து பார்த்துப் பார்த்துப் பிடித்தது. உருண்டையான டின்னைவிடத் தகடு நல்லது. தகட்டின் விளிம்பு காற்றுக்கு எதிராக இருக்கும்படி நிறுத்தினால் இரண்டு முகத்திலும் புழுதி குறைவு. வண்டிப்பாதை ஓரத்து வரப்பில் வைக்கவே கூடாது, உள்ளே நாலைந்து சால் தள்ளி வைக்க வேண்டும். உயரம் செடியின் தலைக்கு ஒட்டினாற்போல் இருக்க வேண்டும். செடி வளர வளர ஏற்றிக் கட்டாவிட்டால் நாலு வாரத்தில் தகடு இலைக்குள் மறைந்து கிடக்கும். முக்கால்வாசிக் காட்டில் அப்படித்தான் கிடக்கிறது.

மஞ்சள் தகடோ, பின்னால் வந்த ரெடிமேடு அட்டையோ வைத்தால் வெள்ளை ஈ ஒழிந்துவிடும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். விற்கிறவர்களும் அப்படியே சொல்லி விற்கிறார்கள். திறந்த காட்டில் அது நடக்காது. பக்கத்துக் காட்டிலிருந்தும் தரிசில் நிற்கிற துத்தியிலிருந்தும் புது ஈ வந்துகொண்டே இருக்கும். ஏக்கருக்கு ஐந்து அட்டை அத்தனையையும் பிடித்துத் தீர்க்க முடியாது. அட்டை இருப்பது எண்ணுவதற்கு. போன வாரம் ஒரு முகத்தில் பத்து, இந்த வாரம் நூறு என்றால் ஏதோ நடக்கிறது, போய் இலையைத் திருப்பிப் பார் என்று அர்த்தம். போன வாரமும் இந்த வாரமும் ஒன்றுபோலவே இருந்தால் மருந்தை எடுக்காதே. என் கடையில் மருந்து வாங்க வருகிறவரிடம் “அட்டையில எத்தனை இருந்துச்சு?” என்று கேட்பதை வழக்கமாக்கினேன். முதலில் முறைத்தார்கள். “மருந்து கேட்டா கணக்குக் கேக்கியளே” என்றார்கள். சிலர் வேறு கடைக்குப் போனார்கள். மிச்சம் இருந்தவர்கள் தகட்டையே சாக்கில் சுற்றிக் கடைக்குக் கொண்டு வந்து காட்டத் தொடங்கினார்கள். கல்லாவுக்கு மேலே லென்ஸ் ஒன்று தொங்குவது அதனால்தான். வெள்ளை ஈ எது, தத்துப்பூச்சி எது, வெறும் புழுதி எது என்று பார்த்துச் சொல்வேன். மருந்து விற்பனையில் கொஞ்சம் குறைந்திருக்கும். ஆனால் இரண்டு தடவை அடிக்க வேண்டியதை ஒரு தடவையில் முடித்தவர் அடுத்த வருஷம் பழைய பாக்கியைக் கையில் கொண்டு வந்து கொடுத்தார். எங்கள் வியாபாரமே வெள்ளாமை வீட்டுக்கு வந்ததும் பாக்கி வசூலாகிற வியாபாரம்தான். சம்சாரி பிழைத்தால்தான் கடைக்காரன் பிழைப்பான்.

பின்னால் உரக்கடைக்காரர்களுக்கென்று ஹைதராபாத் மேனேஜ் நிறுவனத்தின் ஒரு வருட டிப்ளமோ வந்தது. கடைக்கு விடுமுறை விடுகிற நாளில் வகுப்பு, மொத்தம் 48 வாரம். நரைத்த தலைகளெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்து நோட்டில் எழுதினோம். வெள்ளை ஈயைக் கவரும் மஞ்சள், இலைப்பேனைக் கவரும் நீலம் பற்றியெல்லாம் அங்கே சொன்னதில் எனக்குப் புதுசு கொஞ்சம்தான். வயல் பார்க்கப் போன நாட்கள்தான் உருப்படியானவை. வகுப்பில் படம் போட்டுக் காட்டிய பொறி வயலில் எந்தக் கதியில் இருக்கிறது என்று எல்லோரும் ஒன்றாக நின்று பார்த்தோம்.

ரெடிமேடு அட்டை வந்த பிறகு டின்னுக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலை போனது. மஞ்சள் பிளாஸ்டிக் அட்டை, இரண்டு பக்கமும் உலராத பசை, அதன் மேல் மெழுகுத்தாள். தாளை உரித்துக் கட்டினால் முடிந்தது. திட்டத்தில் இலவசமாகவும் கட்டுக்கட்டாக வந்தது. இலவசமாக வருவதற்கு ஒரு குணம் உண்டு, பயிர் எப்போது கேட்கிறதோ அப்போது வராது. பூ முடிந்து காய் முற்றுகிற நேரத்தில் வந்து சேர்ந்த கட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். மேல்தாளை உரிக்காமலே கட்டி வைத்துவிட்டு, “ஒரு ஈகூட ஒட்டலியே அண்ணாச்சி” என்று வந்தவர்களும் உண்டு. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, அட்டையில் உரிக்கச் சொல்லியிருந்தது இங்கிலீஷில். இந்தப் பசை கெட்டியானது. ஆகவே பழைய கிரீஸின் நோய் இதற்கும் உண்டு, புழுதி படிந்தால் துடைக்க முடியாது, தூக்கித்தான் போட வேண்டும். நான் சொல்லிக்கொடுப்பது இதுதான்: இரண்டு பக்கத்தையும் ஒன்றாக உரிக்காதீர்கள். முதலில் ஒரு பக்கம், அது கருத்ததும் அட்டையைத் திருப்பிக் கட்டி மறுபக்கம். ஒரு அட்டை இரண்டு அட்டையாகிறது. ஒரு கரண்டி விளக்கெண்ணெய் இருந்தால், கருத்த அட்டையின் மேலேயே ஒரு தெளிவான பிளாஸ்டிக் தாளைச் சுற்றி அதில் பூசி இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம்.

உளுந்து, பாசிப்பயறில் இந்த அட்டையை நம்பி மோசம் போகக் கூடாது. பருத்தியில் வெள்ளை ஈ கூட்டமாக உட்கார்ந்து உறிஞ்சினால்தான் சேதம். உளுந்தில் மஞ்சள் தேமல் நோயின் வைரஸைச் சுமந்த ஒன்றிரண்டு ஈ வந்து குத்திவிட்டுப் போனாலே செடி போச்சு. அட்டையில் எண்ணிக்கை ஏறுகிற வரை காத்திருந்தால் காடே மஞ்சளாகியிருக்கும். தேமலைத் தாங்குகிற வம்பன் ரகத்தை விதை, முதலில் மஞ்சளித்த செடியை மண்ணோடு பிடுங்கிப் புதை என்பதுதான் அங்கே பேச்சு. 2016-ல் பொள்ளாச்சித் தென்னையில் சுருள் வெள்ளை ஈ வந்தபோது தென்காசிப் பக்கத்திலிருந்தெல்லாம் ஆட்கள் மஞ்சள் சீட்டு தேடி வந்தார்கள். ஐந்தடிக்கு ஒன்றரை அடி சீட்டில் விளக்கெண்ணெய் பூசி ஆறடி உயரத்தில் கட்டுவது சிபாரிசு. தோப்புக்குள் புழுதி கிடையாது, நிழல் உண்டு, அதனால் அங்கே சீட்டு நன்றாக வேலை செய்தது. அந்த ஈயை அடக்கியதில் என்கார்சியா என்ற பொடிக் குளவிக்குத்தான் பெரும்பங்கு. மஞ்சள் சீட்டு அந்தக் குளவியையும் பிடிக்கும் என்பதைத் தோப்புக்காரர்களிடம் சொன்னால் நம்பவில்லை. லென்ஸில் காட்ட வேண்டியிருந்தது.

என் அனுபவத்தில் பசை நன்றாக உதவிய இடம் சோளம். அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

சோளம் முளைத்த முதல் மாதம் குருத்து ஈயின் காலம். சாம்பல் நிறம், வீட்டு ஈயைவிடச் சின்னது. இலையின் அடிப்பக்கத்தில் சுருட்டு வடிவத்தில் வெள்ளை முட்டையை ஒவ்வொன்றாக வைக்கும். பொரித்த புழு நடுக்குருத்துக்குள் இறங்கி வளர்முனையை அறுத்துவிடும். காய்ந்த குருத்தைப் பிடித்து இழுத்தால் சுலபமாகக் கையோடு வரும், அடியை மோந்து பார்த்தால் அழுகல் வாடை. மழைக்கு முன்னாலேயே புரட்டாசியில் புழுதி விதைப்பாக விதைத்துவிட்டு, முதல் மழையில் காடு முழுக்க ஒன்றாக முளைத்த சோளம் பெரும்பாலும் தப்பிக்கும். மழையைப் பார்த்துப் பயந்து பிந்தி விதைத்தவர் காட்டில்தான் எல்லா ஈயும் வந்து இறங்கும். எங்கள் ஆராய்ச்சிப் பண்ணை பருவத்துக்கு முந்திய விதைப்பை அத்தனை வருஷமாகச் சொல்லி வந்ததற்கு இது ஒரு காரணம்.

இந்த ஈக்கு மஞ்சள் நிறம் பொருட்டல்ல, கருவாட்டு வாடைதான். முட்டை வைக்கப் போகிற பெட்டை ஈ புரதம் தேடி வரும். பிளாஸ்டிக் டப்பாவில் துளை போட்டு, உள்ளே நனைத்த மீன்தூள் வைத்து, டைக்குளோர்வாஸ் நனைத்த பஞ்சு ஒன்றைத் தொங்கவிட வேண்டும் என்பது அன்றைய சிபாரிசு. ஹெக்டேருக்கு 12, பயிருக்கு முப்பது நாள் ஆகிற வரை. டைக்குளோர்வாஸ் என்றால் யாருக்கும் தெரியாது, நுவான் என்றால் பிள்ளைக்கும் தெரியும். அந்தச் சின்னப் பாட்டிலை நான் ஒருபோதும் மனமொப்பி விற்றதில்லை. பொறிக்கு என்று கேட்டு வந்தவர் முகத்தை இரண்டு தரம் பார்த்துவிட்டுத்தான் எடுத்துக் கொடுப்பேன். கிராமத்தில் கடை வைத்திருப்பவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. மத்திய அரசு 2018-ல் போட்ட உத்தரவின்படி 2020 டிசம்பர் 31-ஓடு நுவான் போனது. எனக்கு நிம்மதி.

பஞ்சுக்குப் பதில் என்ன வைப்பது என்ற கேள்வி வந்ததும் விளக்கெண்ணெயை டப்பாவுக்கு உள்ளே பூசிப் பார்த்தோம். மூடியின் உள்பக்கமும், துளைக்கு மேலே உள்சுவரும். மீன்தூளைத் தின்றுவிட்டு ஈ வெளிச்சம் தேடி மேலே ஏறும், அங்கே ஒட்டிக்கொள்ளும். டின்னிலும் அட்டையிலும் பட்ட பாடு இங்கே இல்லை. பசை உள்ளே இருக்கிறது, காற்று புழுதியை உள்ளே கொண்டு வருவதில்லை, வெயிலும் நேரடியாகப் படுவதில்லை. பத்து நாள் வரை அதே பூச்சு நின்றது. நிறத்தைக் காட்டி ஈயை அழைத்தால் பசையை வெளியில் வைத்தே தீர வேண்டும், புழுதிக்கும் சேர்த்து. வாடையைக் காட்டி அழைத்தால் பசையை ஒளித்து வைக்கலாம்.

கவனிக்க வேண்டியது ஈரம். மீன்தூள் காய்ந்தால் வாடை அடங்கிவிடும், ஈயும் வராது. கரிசலில் காலையில் நனைத்தது மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். டப்பாவுக்குள் ஈரச் சாக்குத்துண்டை மடித்துப் போட்டு அதன் மேல் தூளை வைத்தால் சாயங்காலம் வரை தாங்கும். தூளைக் காசு கொடுத்து வாங்கவும் வேண்டாம். வேம்பார், தருவைக்குளம் பக்கத்திலிருந்து சந்தைக்கு வரும் கருவாட்டு மூட்டையின் அடியில் தலையும் செதிளுமாக மிஞ்சுகிற பொடி போதும். கேட்டால் சும்மா கொடுப்பார்கள்.

சோளம் இப்போது குறைந்துவிட்டது. அந்த இடத்தை மக்காச்சோளம் பிடித்துக்கொண்டது. 2018-ல் அதற்குப் படைப்புழு வந்ததும் கடையில் இனக்கவர்ச்சிப் பொறி விற்கத் தொடங்கியது. சோளம் விதைக்கிற பலர் விதையிலேயே மருந்து கலந்து வாங்கிப் போகிறார்கள். குருத்து ஈப் பொறி கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் மாட்டுத் தீவனத்துக்கு இருங்குச் சோளம் போடுகிறவர்களும், மருந்தே தொடாமல் விவசாயம் பார்க்க வேண்டும் என்று படித்துவிட்டு ஊருக்குத் திரும்பிய இளவட்டங்களும்தான். அவர்களிடமிருந்து வருகிற புகார் பசையைப் பற்றியது அல்ல, நாயைப் பற்றியது. பயிர் நாலு இலைதான் விட்டிருக்கும், ஈயும் அந்த உயரத்தில்தான் சுற்றும். அதனால் டப்பாவையும் முழங்காலுக்குக் கீழே வைக்க வேண்டியிருக்கிறது. கருவாட்டு வாடைக்கு ராத்திரி நாய் வந்து டப்பாவைக் கவ்விக்கொண்டு போய்விடுகிறது, சில காட்டில் கீரியும். சுற்றிலும் வேலிக்கருவை முள்ளை வெட்டிப் போடச் சொல்கிறேன். “முள்ளு வெட்டுற கூலி பொறியைவிட அதிகமா ஆகுதே அண்ணாச்சி” என்கிறார்கள். அதற்கு இன்னும் வழி பார்த்துக்கொண்டிருக்கிறோம்.